கொதிக்கும் கிழங்கு, ஊறும் புல்

கடுகண்ணாவையில் அடுப்பில் ஏற்றிய நீர் 100 பாகை செல்சியஸை எட்டுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள அவ்வூரில் வளிமண்டல அமுக்கம், அதாவது மேலே நிற்கும் காற்றின் பாரம் நீர்ப்பரப்பின்மீது செலுத்தும் விசை, கொழும்பில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதால், நீர் மூலக்கூறுகள் ஆவியாகி வெளியேற அவ்வளவு வெப்பம் தேவைப்படாமல் 98 பாகையைச் சற்றுக் கடந்ததுமே கொதி வந்துவிடுகிறது. இன்னும் மேலே, 1,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அதே நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகக் கட்டப்பட்டு 1867-ல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையிலான செங்குத்தான பகுதியில் 400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது; அந்த ஏற்றத்திலேயே நீரின் கொதிநிலை ஒரு பாகைக்கும் அதிகமாகக் குறைந்துவிடுகிறது. அவ்வூரில் 2014-ல் திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலையில் நிற்கும் நீராவி எஞ்சின்கள் இதே விதியின் மறுபக்கத்தால் இயங்கியவை: மூடிய கொதிகலனுக்குள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் பத்து மடங்கானால், நீர் 180 பாகை வரை கொதிக்காமல் நிற்கும்.

வீட்டு அடுப்பில் அத்தகைய அமுக்கம் ஏதுமில்லை. தாவரம் ஒன்றின் சுவையையும் மணத்தையும் நீருக்குள் இறக்க விரும்புபவரின் வசம் இருப்பவை 98 பாகைக்கு உட்பட்ட வெப்பமும், நேரமும், பாத்திரத்தின் மூடியுமே. இவற்றைக் கையாளும் முறைகள் இரண்டு. மூலப்பொருளை நீரிலிட்டுத் தொடர்ந்து கொதிக்கவைப்பது ஒன்று; சித்த மருத்துவ நூல்கள் இதைக் குடிநீர் என்றும், வழக்கில் மக்கள் கஷாயம் என்றும் சொல்வர். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் மூலப்பொருளை இட்டு மூடிவைப்பது மற்றொன்று. இது ஊறல் நீர் எனப்படும். கண்டி மாவட்ட வீடுகளில் தடிமனுக்கும் மழைக்கால மாலைகளுக்கும் உரியதாகக் கருதப்படும் இஞ்சி, எலுமிச்சைப்புல் பானத்தின் சிக்கல் இதில்தான் தொடங்குகிறது, ஏனெனில் அதன் இரு மூலப்பொருள்களும் எதிரெதிரான முறைகளை வேண்டுகின்றன: இஞ்சி கொதிக்கவேண்டியது, புல் ஊறவேண்டியது. இரண்டையும் ஒரே நேரத்தில் பாத்திரத்திலிட்டுக் கொதிக்கவிடும் பரவலான வழக்கத்தில், புல்லின் மணத்தில் பெரும்பங்கு சமையலறைக்குப் போகிறது. கோப்பைக்கு வருவது மிச்சமே. பானம் தயாராகும்போது வீடு முழுவதும் மணக்கிறது என்று பலரும் மகிழ்வது உண்மையில் இழப்பின் அளவைத்தான் காட்டுகிறது.

இரு தாவரங்களும் இப்பகுதிக்கு நன்கு பழகியவை. கண்டி வீட்டுத்தோட்டம் என்று வேளாண் ஆய்வாளர்களால் தனி வகையாகவே எடுத்துப் பேசப்படும் தோட்டமுறை, பலா, கமுகு, கித்துள், கராம்பு, சாதிக்காய் முதலிய மரங்களை மேலடுக்காகவும், கோப்பியையும் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியையும் நடுவடுக்காகவும், இஞ்சி, மஞ்சள் போன்ற கிழங்குச் செடிகளைத் தரையடுக்காகவும் கொண்டு, காட்டின் அமைப்பை ஒத்து வளர்வது. பகுதி நிழலையும் ஈரத்தையும் ஏற்கும் இஞ்சிக்கு இவ்வடுக்கு பொருந்துகிறது. வெயிலை நாடும் எலுமிச்சைப்புல் தோட்டத்தின் ஓரங்களிலும், சரிவு மண்ணைப் பிடித்துநிறுத்த வேண்டிய வரம்புகளிலும் கொத்துக் கொத்தாக நிற்கிறது. கடுகண்ணாவைக் கணவாயின் அடியில் மாவனல்லையைச் சுற்றிலும், கொழும்பு–கண்டி வீதியின் இருமருங்கிலும் உள்ள வாசனைத் திரவியத் தோட்டங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் செடிகளில் இவ்விரண்டும் தவறாமல் இடம்பெறுகின்றன. பேராதனைக்கு அருகே கெட்டம்பேயில் தலைமையகத்தைக் கொண்ட ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள பயிர்களுள்ளும் இஞ்சி அடங்கும். சிறு கிழங்கும் மிகுந்த காரமும் கொண்ட நாட்டு இஞ்சி, பருத்த கிழங்கும் மென்மையான காரமும் கொண்ட சீன இஞ்சி, இவற்றுக்கு இடைப்பட்ட ரங்கூன் இஞ்சி என மூன்று வகைகள் இலங்கையில் பயிரிடப்படுகின்றன. பானத்துக்கு நாட்டு இஞ்சியே சிறந்தது என்பதில் இல்லத்தரசிகளும் வைத்தியர்களும் ஒரே கருத்தினர்.

புல்லின் இனத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. எலுமிச்சைப்புல்லின் தாவரப் பேரினமான சிம்போபோகனில் மணமுள்ள புற்கள் பல உள்ளன. மலையகத் தோட்டங்களில் பழைய தேயிலையைப் பிடுங்கியபின் புதுக் கன்று நடுவதற்கு முன்பாக மண்ணைத் தேற்றுவதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வளர்க்கப்படும் மானாப்புல்லும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. தென்னிலங்கையில் எண்ணெய்க்காகப் பயிரிடப்பட்டு, நுளம்பு விரட்டிகளிலும் சவர்க்காரத்திலும் சேரும் சிற்றொனெல்லாப் புல்லும் அதே பேரினம். தோற்றத்தில் இவை ஒன்றையொன்று ஒத்திருப்பதால், வேலியோரத்தில் கண்ட புல்லைப் பறித்துவந்து பாத்திரத்திலிடுவது தவறாக முடியலாம். இலையைக் கசக்கி முகர்ந்தால் வேறுபாடு தெரியும்: சமையற்புல் தேசிக்காய்த் தோலின் தூய மணத்தைத் தரும், சிற்றொனெல்லாவில் அதனோடு சவர்க்காரத்தை நினைவூட்டும் கனத்த நெடியொன்று சேர்ந்திருக்கும். சிங்கள மக்கள் 'சேர' என்று வழங்கி, ரம்பையோடு கறிக்கு இடுவது சமையற்புல்லையே.

இஞ்சியில் நாம் உண்ணும் பகுதி வேரன்று. மண்ணுக்குள் கிடையாக வளர்ந்து உணவைச் சேமித்துவைக்கும் தண்டு, தாவரவியலில் வேர்த்தண்டுக்கிழங்கு எனப்படுவது. இயற்கையான காட்டு நிலையில் எங்கும் காணப்படாத இச்செடி, விதை உண்டாக்குவதும் மிக அரிது என்பதால், மனிதர் கிழங்கைத் துண்டாக்கி நட்டதனாலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறது. கிழங்கின் சதையில் மாப்பொருள் நிறைந்த கலங்களுக்கு இடையே, எண்ணெயும் பிசினும் கலந்த கலவையைத் தாங்கிய தனிக் கலங்கள் சிதறிக்கிடக்கின்றன. நாவில் உணரும் காரமும் மூக்கில் உணரும் மணமும் இவற்றிலிருந்தே வருகின்றன, ஆனால் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயின் வேலை. காரமோ ஜிஞ்சரோல் எனப்படும் பொருள்களின் வேலை. இவை எளிதில் ஆவியாவதில்லை, நீரிலும் எளிதில் கரைவதில்லை.

கரையத் தயங்கும் பொருளைக் கரையச் செய்வதற்கு வெப்பம், நேரம், பரப்பு ஆகிய மூன்றையும் கூட்டவேண்டும். இஞ்சியைக் கொதிக்கவிடுவதன் காரணமும் தட்டிப்போடுவதன் காரணமும் இதுவே. கிழங்கின் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால், நாரோடு ஒட்டி நீளமாக அரிந்தால் எண்ணெய்க் கலங்களில் பல மூடியபடியே கிடக்கும். குறுக்காக மெல்லிய வட்டங்களாக அரிந்து, பின்னர் உரலில் இரண்டு தட்டுத் தட்டினால் கலச்சுவர்கள் உடைந்து நீருக்கு வழிவிடும். சித்த மருத்துவ மரபு சுக்கின் புறத்தோலை நீக்கச் சொல்கிறது. பச்சை இஞ்சியைப் பொறுத்தவரை மணம் மிகுந்த கலங்கள் தோலுக்குச் சற்று உள்ளேயே இருப்பதால், கத்தியால் தடிப்பாகச் சீவாமல் கரண்டி விளிம்பால் சுரண்டுவது ஆதாயமானது. இஞ்சிச் சாற்றைச் சிறிது நேரம் தெளியவைத்து, அடியில் படியும் வெள்ளை வண்டலை ஒதுக்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. அந்த வண்டல் நஞ்சு என்று சொல்லப்படுவது வழக்கமானாலும், அது கலங்களிலிருந்து சிந்திய மாப்பொருளேயாகும். கொதிக்கும்போது அது நீரைச் சற்றுக் கலங்கலாக்கித் தடிப்பாக்கும், வேறு தீங்கு செய்யாது.

வெப்பம் ஜிஞ்சரோலைக் கரைப்பதோடு நிற்பதில்லை, அதன் மூலக்கூறையே மாற்றவும் செய்கிறது. இக்குடும்பத்தில் மிகுதியாகக் காணப்படும் 6-ஜிஞ்சரோல் மூலக்கூறில் 17 காபன் அணுக்கள் உள்ளன. கிழங்கு உலரும்போது, அல்லது நெடுநேரம் சூடாகும்போது, அம்மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாவோல் என்ற பொருளாகிறது. இதன் காரம் ஜிஞ்சரோலின் காரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்பதால்தான், பச்சை இஞ்சியைவிடச் சுக்கு எரிகிறது. கொதிக்கும்போது நிகழக்கூடிய இன்னொரு மாற்றத்தில் மூலக்கூறு இரண்டாக உடைந்து, 11 காபன் அணுக்களைக் கொண்ட ஜிஞ்சரோன் ஒருபுறமும், 6 காபன் அணுக்களைக் கொண்ட ஹெக்சனால் மறுபுறமும் பிரிகின்றன. 1917-ல் ஜப்பானிய இரசாயன அறிஞர் ஹிரோஷி நொமுரா இஞ்சியிலிருந்து பிரித்தெடுத்த ஜிஞ்சரோன் காரம் குறைந்தது, இனிய வாசனை கொண்டது; வெந்த இஞ்சிக்கும் பச்சை இஞ்சிக்கும் உள்ள சுவை வேறுபாட்டில் அதற்குப் பங்குண்டு. பத்து நிமிடக் கொதியில் இவ்விரு மாற்றங்களும் சிறு அளவிலேயே நடக்கின்றன என்பதால், வீட்டுப் பானத்தில் பெரும்பாலும் ஆள்வது மாறாத ஜிஞ்சரோலே.

காரம் என்பது உப்பு, புளிப்பு போன்ற சுவையன்று. தோலிலும் வாயிலும் உள்ள நரம்பு நுனிகளில், ஏறத்தாழ 43 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை உணர்ந்து மூளைக்குச் 'சுடுகிறது' என்று அறிவிக்கும் புரதம் ஒன்று அமைந்திருக்கிறது. ஒரு தூண்டலை ஏற்றுச் செய்தியாக மாற்றும் இத்தகைய புரதத்தை உடலியலில் வாங்கி என்பர். அமெரிக்க அறிஞர் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997-ல் மிளகாய்க் காரத்தைக்கொண்டு இவ்வாங்கியை அடையாளங்கண்டது. ஆர்டெம் பட்டபூட்டியனுடன் அவர் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அதுவே அடிப்படை. ஜிஞ்சரோலும் ஷோகாவோலும் இதே வாங்கியைத் திறக்கின்றன. சூடான இஞ்சிப் பானம் குடிப்பவரின் நாவில் மெய்யான வெப்பமும் போலி வெப்பமும் ஒரே கதவைத் தட்டுவதால், அதே பானம் ஆறியபின் இருப்பதைவிட ஆவி பறக்கையில் அதிகம் உறைக்கிறது. அமிலமும் அவ்வாங்கியை எளிதில் திறக்கச் செய்யும் என்பதால் தேசிக்காய் பிழிந்தால் உறைப்பு மேலும் கூடும். சர்க்கரை அதைத் தணிக்கும். கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு இஞ்சி பிளேன்டீயை இடையிடையே உறிஞ்சும் இலங்கை வழக்கம், இனிப்பைப் பானத்தில் கரைக்காமல் நாவில் வைத்தே உறைப்பைக் கட்டுப்படுத்துகிறது. பானத்தின் மணமும் அதனால் மறைவதில்லை. சர்க்கரையை முன்கூட்டியே கரைத்துவிடும் புதிய வழக்கத்தைவிட இது நுட்பமானது.

எலுமிச்சைப்புல்லின் கதை வேறு. அதன் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலாகச் சிற்றால் என்ற ஒரே பொருள் நிறைந்திருக்கிறது. பத்துக் காபன் அணுக்களைக் கொண்ட இம்மூலக்கூறு ஜெரனியல், நேரல் என்ற இரு வடிவங்களில் அமைகிறது. இரண்டிலும் அணுக்கள் ஒன்றே, ஒரு பிணைப்பைச் சுற்றி அவை திரும்பியிருக்கும் பக்கம் மட்டும் வேறு. தேசிக்காய்த் தோலிலும் இது உண்டு, பச்சை இஞ்சியின் எண்ணெயிலும் சிறிதளவு உண்டு. இஞ்சியும் இப்புல்லும் ஒரு கோப்பையில் இணக்கமாகப் பொருந்துவதன் இரசாயனக் காரணங்களில் இதுவும் ஒன்றாகலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் டீமன் சிற்றாலிலிருந்து வயலட் மலரின் மணமுடைய அயனோனைத் தயாரித்துக்காட்டினார். பின்னாளில் விற்றமின் ஏ-யைச் செயற்கையாக ஆக்குவதற்கு அயனோன் தொடக்கப் பொருளானபோது, கேரளத்திலிருந்து ஏற்றுமதியான புல்லெண்ணெய்க்கு உலகச் சந்தையில் மதிப்பு உயர்ந்தது. எறணாகுளம் மாவட்டத்தின் ஓடக்காலியில் இப்புல்லுக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் உருவானதும் அவ்வணிகத்தின் விளைவே.

தூய சிற்றால் 229 பாகையில்தான் கொதிக்கும் என்பதால், 98 பாகை நீரில் அது பத்திரமாகத் தங்கும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது அதுவன்று. நீரோடு கலவாத எண்ணெய் ஒன்று கொதிக்கும் நீரில் மிதக்கும்போது, இரண்டின் ஆவி அமுக்கமும் சேர்ந்தே வளிமண்டலத்தை எதிர்க்கின்றன. ஆதலால் எண்ணெய் தன் கொதிநிலைக்கு வெகு கீழேயே நீராவியுடன் கூட்டாக எழுந்து வெளியேறிவிடும். நீராவி வடிப்பு என்று தொழிற்சாலைகளில் அழைக்கப்படும் முறை இதுவே. ஓடக்காலியிலும் தென்னிலங்கையின் சிற்றொனெல்லா வாடிகளிலும் புல்லிலிருந்து எண்ணெய் எடுப்பது இவ்வாறுதான். மூடியில்லாத பாத்திரத்தில் எலுமிச்சைப்புல்லைக் கொதிக்கவிடும் வீட்டார், ஆவியைக் குளிர்வித்துத் திரட்டும் கருவி இல்லாமலே அத்தொழிற்சாலையை நடத்துகின்றனர். புல்லின் எண்ணெய்க் கலங்கள் இலையின் உட்பகுதியில் இருந்தாலும், வெட்டினாலோ நசுக்கினாலோ அவை உடனே திறந்துகொள்கின்றன. நீடித்த கொதிக்கு அங்கு வேலையே இல்லை.

ஆகவே முறை இவ்வாறு அமைகிறது. இரண்டு கோப்பைப் பானத்துக்கு அரை லீற்றர் நீரும், பெருவிரல் அளவுள்ள இஞ்சித் துண்டும், அதாவது ஏறத்தாழ 10 கிராமும், எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு இரண்டும் போதும். குறுக்காக அரிந்து தட்டிய இஞ்சியைக் குளிர்ந்த நீரிலேயே இட்டு அடுப்பிலேற்றி, கொதி வந்தபின் தீயைக் குறைத்து, பாத்திரத்தை மூடிப் பத்து நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிடவேண்டும். நுவரெலியா போன்ற இடங்களில் கொதிநிலை தாழ்ந்திருப்பதால் இன்னும் சில நிமிடம் கூட்டுவது நன்று. பின் அடுப்பை அணைத்து, கொதி முற்றாக அடங்கியதும், தண்டின் பருத்த அடிப்பகுதியைக் கத்திப் பிடியால் நசுக்கி இரண்டங்குலத் துண்டுகளாக வெட்டிய புல்லை உள்ளேயிட்டு, உடனே மூடி, ஐந்து முதல் ஏழு நிமிடம் விடவேண்டும். மூடியின் உட்புறத்தில் திரண்டுநிற்கும் நீர்த்துளிகளில் சிற்றால் செறிந்திருக்கும் என்பதால், திறக்கும்போது அதைச் சாய்த்துப் பானத்துக்குள்ளேயே வழியவிடுவது சிக்கனம். நார் தட்டுப்படாமலிருக்க இறுதியில் மெல்லிய துணியிலோ நெருக்கமான வடிகட்டியிலோ வடிக்கவேண்டும்.

இதில் தேயிலை சேரவேண்டிய கட்டாயமில்லை. சேர்ப்பவர்கள் புல்லோடு சேர்த்து இறுதி மூன்று நிமிடத்துக்கு மட்டும் இடவேண்டும், இல்லாவிடில் துவர்ப்பைத் தரும் பொருள்கள் மிகுந்து மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். தேசிக்காய்ச் சாறு விழுந்ததும் தேநீரின் கருஞ்சிவப்பு வெளிறுவது கெடுதியின் அறிகுறியன்று; தேயிலையின் நிறப்பொருள்கள் அமிலத்தில் தம் மின்னேற்றத்தை மாற்றிக்கொள்வதால் ஒளியை உறிஞ்சும் விதம் மாறுகிறது. ஆனால் அமிலத்தில் சிற்றால் மெல்ல மெல்லச் சிதைந்து நறுமணம் இழக்கும் என்பதால், சாற்றைப் பாத்திரத்தில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், குடிக்கும்போது கோப்பையில் பிழிவதே முறை.

பாலோடு சேர்ப்பவர்களுக்கு மற்றொரு சிக்கல் காத்திருக்கிறது. பச்சை இஞ்சியில் புரதத்தைத் துண்டாக்கும் நொதியம், அதாவது உயிர்வினையொன்றை விரைவுபடுத்தும் புரதம், ஜிஞ்சிபெயின் என்ற பெயரில் உள்ளது. இளஞ்சூடான பாலில் இஞ்சிச் சாறு பட்டதும் இந்நொதியம் பாற்புரதத்தை வெட்டி, பாலைத் திரளச் செய்கிறது. தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் இதைக் குறையாகக் கருதாமல் இஞ்சிப் பாற்கட்டி என்ற இனிப்பாகவே செய்து உண்கின்றனர். நொதியமும் ஒரு புரதமாகையால் கொதிநீரில் தன் உருவத்தை இழந்து செயலற்றுப்போகும். இஞ்சியை முதலில் நன்கு கொதிக்கவிட்டு, அதன்பின்னரே பால் ஊற்றினால் திரளாது.

மருத்துவப் பயனைப் பற்றிய பேச்சில் அளவு தேவைப்படுகிறது. கடுகண்ணாவை வளைவுகளில் பஸ்ஸில் ஏறுபவர்கள் வாந்திக்கு இஞ்சியை நாடுவது ஆய்வுக்கு உட்பட்ட பழக்கமே. 1982-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், பயண மயக்கத்துக்கு எளிதில் ஆளாகும் 36 பேர் கண்கட்டிய நிலையில் சுழலும் நாற்காலியில் அமர்த்தப்பட்டபோது, சுக்குத்தூள் உட்கொண்டவர்கள் வழக்கமான மாத்திரை உட்கொண்டவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தனர். பின்வந்த ஆய்வுகளுள் சில அதை உறுதிசெய்யவில்லை. கர்ப்பகாலக் குமட்டலில் இஞ்சியின் பயனுக்கு இதைவிடச் சீரான சான்று உண்டு. எலுமிச்சைப்புல் தேநீர் உறக்கத்தையும் அமைதியையும் தரும் என்ற நம்பிக்கை பிரேசிலில் வேரூன்றியிருந்ததால், அந்நாட்டு ஆய்வாளர்கள் அதைத் தன்னார்வலர்களிடம் சோதித்து 1986-ல் வெளியிட்டனர்: நச்சுத்தன்மை ஏதும் தென்படவில்லை, உறக்கத்திலோ பதற்றத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றமும் தென்படவில்லை. உறக்கம் வருகிறது என்றால் இளஞ்சூட்டுக்கும் மாலை நேர ஓய்வுக்கும் அதில் பங்கிருக்கலாம். இரத்தம் உறைதலைத் தடுக்கும் வோபரின் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள் இஞ்சியை மிகுதியாகச் சேர்ப்பதற்கு முன் வைத்தியரைக் கேட்கவேண்டும். கறியளவு இஞ்சிக்கு அவ்வளவு கவலை வேண்டியதில்லை.

வடித்தபின் எஞ்சும் சக்கையை எறிவதற்குமுன் பிரித்துப்பார்ப்பது பயன் தரும். நீரில் தயங்கித் தயங்கியே கரையும் ஜிஞ்சரோலில் கணிசமான பங்கு இன்னும் இஞ்சித் துண்டுகளுக்குள்ளேயே இருப்பதால், அன்றே மீண்டும் நீரூற்றிச் சற்று நெடுநேரம் கொதிக்கவிட்டால் இரண்டாவது பானத்துக்கும் உறைப்பு கிடைக்கும். புல்லில் வெறும் நாரே எஞ்சியிருக்கும். இரண்டாவது பானத்துக்குப் புதுத்தண்டு வெட்டவேண்டும்.